பார்க்க வந்தவர்கள்

நோயாளியைப் பார்க்கக் கிளம்பி வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம், வாயில் நாலு வைத்தியம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். நான் இப்படிப் பேசினால் என் பிள்ளைகளே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அப்போது அவர்கள் தொட்டிலை விட்டு இறங்காத பருவம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் திரேஸ்புரத்தில் இருந்தோம். என் மாமனார் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணி கரையை விட்டால் அதில் அவர் சொன்னதுதான் சட்டம். வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆன பிறகும் அவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் காலையில் முகம் கழுவப் போன இடத்தில் செம்போடு விழுந்தார். வலது பக்கம் முழுக்க வாதம். பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் துலக்கமாக இருந்தது. அதுதான் பாவம்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். வயதான நர்ஸம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மருந்து மாத்திரையெல்லாம் ரெண்டாவது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் போடணும். ஒரே கிடையா கிடந்தா முதுகு அழுகிரும். அழுகிட்டா ஆளு தங்காது, பாத்துக்கோ."

அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நன்றாகவே பார்த்தேன். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று முறை வைத்துத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பவுடர் போடுவேன். கனத்த உடம்பு. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் புரட்டினால் எனக்கு மூச்சு வாங்கும். அவரும் கணக்குத் தெரிந்தவர். உடம்பு வலித்தால் இடது கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். தோணியில் ஆள் கூப்பிடப் பலகையில் அப்படித்தான் தட்டுவாராம். தட்டினால் ஓடுவேன். ஒரு மாதம் வரை அவர் முதுகில் சிவந்த தடம்கூட இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வந்தால் என்ன?

பிறகு, செய்தி கடற்கரை முழுக்கப் பரவி, ஊர் வர ஆரம்பித்தது.

தண்டலைப் பார்க்க வராவிட்டால் மரியாதை இல்லை என்று எண்ணியவர்கள் எங்கள் கடற்கரையில் ஏராளம். அதனால் கட்டிலை முன்னறையில் வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள். காலையில் வந்து அப்பாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்திருப்பாள். வருகிறவர்களை வரவேற்பதும், அவர் விழுந்த கதையை முதலிலிருந்து சொல்வதும் அவள் வேலை. அப்பா மேல் அவளுக்கு உயிர். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் நான் அவரை இடது பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்திருந்த நேரம். புன்னைக்காயலிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மதினி என் மேல் பாய்ந்தாள்.

"ஏளா, அப்பாவ ஏன் செவுத்தப் பாக்கப் போட்டிருக்க? வந்தவுக முதுகையா பாத்துட்டுப் போவாவ?"

அன்றைக்குச் சட்டம் மாறியது. யாராவது வந்தால் அவர் மல்லாந்துதான் கிடக்க வேண்டும். முகம் வாசலைப் பார்க்க வேண்டும், கழுத்து வரை வெள்ளை விரிப்பு இருக்க வேண்டும். போன பிறகு திருப்பிக்கொள் என்றாள் மதினி. போனால்தானே! ஒருவர் செருப்பு மாட்டும்போது அடுத்தவர் செருப்பைக் கழற்றுவார். கட்டிலை உள்ளறைக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லிப் பார்த்தேன். தண்டலை உள்ளே போட்டு மூடிவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றாள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து அலுத்து வந்திருந்தார். அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே திருப்பினால் என்ன என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

வந்தவர்கள் சும்மா போவார்களா? புறா ரத்தத்தைச் சூட்டோடு தடவு என்றார் ஒருவர். நண்டு ரசம் கொடு என்றாள் ஒருத்தி. சோறே விழுங்க முடியாத மனுஷருக்கு ஒரு புண்ணியவான் முந்திரி மக்ரூன் மிட்டாய் வாங்கி வந்தார். இத்தனை வைத்தியம் சொன்னவர்களில் ஒரு கை கொடுத்துத் திருப்பட்டுமா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு முதுகு எரியும். கட்டிலில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே மதினி முகமெல்லாம் மலர்ந்து, "பாத்தியளா, ஒங்கள அடையாளம் தெரிஞ்சிட்டு அப்பாவுக்கு" என்பாள். வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும். இன்னும் அரைமணி நேரம் உட்காருவார்கள். அவர் திரும்பவும் தட்டுவார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கையால் எப்படித் தட்டுவது?

ஒரு சாயங்காலம் நானே முன்னறைக்குப் போய், மாமாவைத் திருப்ப வேண்டும், அஞ்சு நிமிஷம் வெளியே நில்லுங்கள் என்று கேட்டேன். வந்தவர்கள் எழுந்தும் விட்டார்கள். மதினிதான் அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு தேடி வந்தவுகள எந்திரின்னு சொல்லுத வளர்ப்பு எங்க வீட்டுல கெடயாது. நீ போயி காப்பியப் போடு."

மறுநாள் கோயில் திருநாள். வெளியூர்க்காரர்களெல்லாம் கோயிலுக்கு வந்த கையோடு தண்டலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலிருந்து வந்தார்கள். நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே இருந்தேன். தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. சற்று நேரம் கழித்து இன்னும் இரண்டு. முந்தின நாள் பட்ட அவமானம் எனக்கு ஆறவில்லை. அவள் அப்பாதானே, அவளே திருப்பட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வாய்விட்டே பால் சட்டியிடம் சொன்னேன். மத்தியானமும் தட்டினார். நான் போகவில்லை. எனக்குக் காது கேட்டது, கால் இருந்தது, போகவில்லை. பொழுது சாய்கிற நேரம் தட்டுவது நின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு திருப்பினேன். விரிப்பு முதுகோடு ஒட்டியிருந்தது. மெதுவாக எடுத்தும் தோல் அதோடு வந்தது. அவர் கத்தவில்லை. கத்தக் குரல் இல்லை.

புண் ஒரு வாரத்தில் உள்ளங்கை அகலமாயிற்று. தினமும் கம்பவுண்டர் வந்து அழுகிய சதையை வெட்டிக் கட்டுப் போட்டார். நாற்றம் வாசல் தாண்டியது. பார்க்க வந்தவர்கள் கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார்கள். பிறகு அதுவும் இல்லை. அப்பாவை இந்தக் கோலத்தில் பார்க்க மனசு தாங்கவில்லை என்று மதினியும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். வீடு காலியாயிற்று. நாறிய பிறகுதான் எனக்கு அவரைத் திருப்பிப் போட வழி கிடைத்தது. நேரம் தவறாமல் திருப்பினேன். இனித் திருப்பி என்ன?

அவர் அதற்குப் பிறகு தட்டவே இல்லை. "மாமா, வலிச்சா தட்டுங்க, நான் ஓடி வாரேன்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். என் முகத்தைப் பார்ப்பார். கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார். கோபமா, வெறுப்பா, இல்லை கைதான் ஓய்ந்துவிட்டதா? எனக்குத் தெரியாது. கோபம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

புண் வந்த ஆறாவது வாரம் காய்ச்சல் வந்து இறந்தார். குளிப்பாட்டிய ஆண்கள் முதுகைப் பார்த்துவிட்டார்கள். மருமகள் பார்த்த லட்சணம் அதுதான் என்று மதினி பெண்களிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. திருநாளன்று அடுப்படியில் நின்றவள் நான்தானே.

வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியில் மல்லாக்க வைத்து, வாசலைப் பார்க்கத் தலையை உயர்த்தியிருந்தார்கள். ஊர் திரும்பவும் வந்தது. சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. காலையில் வைத்தது, உச்சி வேளையாயிற்று, அப்படியே கிடந்தார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து போய் அவர் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தேன். மதினிதான் என் கையைப் பிடித்து எடுத்தாள்.

"விடுளா. பெட்டியில வச்சாச்சு. இனி என்னத்தத் திருப்புத?"

அப்போதுதான் நான் அழுதேன். பெட்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, யாரும் தேற்ற முடியாதபடி அழுதேன். மாமனார் மேல் மருமகளுக்கு இத்தனை பாசமா என்று, வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.