ஆமைக்கு விட்ட இடைவேளை

மர்பி டவுன் சந்தில் இருட்டிக்கொண்டு வருகிறது. தீவுக் கடலாமைகளைப் பற்றிய அரைமணிப் படத்தை ஊர் ஊராகச் சுமந்து காட்டிவருகிறேன். இங்கே திரை, மாடியிலிருந்து தொங்கும் ஒரு வேட்டி. கடலே இல்லாத ஊரில் அது தானாகவே அலையடிக்கிறது. கரண்ட் கொடுத்தவர் போண்டாக் கடை செல்வி. பதிலுக்கு ஒரே நிபந்தனை: நடுவில் இடைவேளை விட வேண்டும்.

ஆமை வலையில் சிக்கித் துடிக்கும்போது செல்வி கை காட்டுகிறார். படத்தை நிறுத்துகிறேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், அதுக்கு மூச்சு முட்டுது, நீ இன்டர்வல் வுட்டுனு கீற!" என்கிறார் முன்வரிசை ஆட்டோக்காரர்.

தட்டு நிறையப் போண்டா ஆறுகிறது. செல்வி கரண்டியோடு வருகிறார். "மொதல்ல அத்த அவுத்து வுடு சார். யாவாரம் கெட்டுப்போவுது." சொல்லிவிட்டு அடுத்த ஈடு போட அடுப்புக்கு ஓடுகிறார்.

படத்தை ஓட்டுகிறேன். மீனவர் வலையை அறுக்கிறார். ஆமை நீலத்துக்குள் நழுவுகிறது. சந்தெல்லாம் விசில். இப்போதுதான் நிஜமான இடைவேளை. கூட்டம் அடுப்பைச் சூழ்கிறது, தட்டு காலியாகிறது.

கடைசிப் போண்டாவை என்னிடம் நீட்டுகிறார் செல்வி. "தப்பிச்சுதா சார்?"

"தப்பிச்சுதும்மா. பாக்கலையா?"

"எங்க பாக்கறது, கண்ணெல்லாம் எண்ணச்சட்டியில. இன்னொரு தபா அத்த வலையில மாட்டவுடு சார்."