முள்வேலிக் காயம்

அன்று போலீஸ் நிலையத்துக்குப் போனவர்கள் அப்பா, அத்தை, ஒன்பது வயதில் நான். அம்மா வரவில்லை; ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பகல் ஷிப்டு. வந்திருந்தால் நடந்ததை நடக்க விட்டிருக்க மாட்டார். யாருக்காகப் போனோமோ அந்தச் சித்தப்பாவும் இல்லை. அவர் ஈப்போ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்தார்.

தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்த பிறகுதான் அவருக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. எங்களோடுதான் இருந்தார். மாதம் ஓர் ஊசி. அதை நிறுத்திவிட்டு ஒருநாள் வெளியே போனவர் திரும்பவில்லை. கூப்பிட்டாலும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆகவே போலீஸ்.

முகப்பில் இருந்தவர் தமிழர். நல்ல மனுஷர் என்றே இப்போது தோன்றுகிறது.

“யாரையாச்சும் அடிச்சாரா? கத்தி கித்தி தூக்குனாரா?”

“இல்லிங்க சார். சோறு தண்ணி இல்லாம படுத்துக் கெடக்கான்” என்றார் அப்பா.

“சும்மா படுத்திருக்கிறவர நான் எப்புடிண்ணே தூக்குறது? ஆபத்தான ஆளுன்னா ரிப்போட் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம். இல்லாட்டி முடியாது லா.”

அத்தை என்னை வெளியே இழுத்து வந்து, என் முழங்கைக் காயத்தைத் திருப்பிப் பார்த்தார். பந்து எடுக்கப் போனபோது முள்வேலி கிழித்தது அது.

“டேய், இது சித்தப்பா வெட்டுனதுன்னு சொல்லணும். அழுதுக்கிட்டே சொல்லு. மாத்திச் சொன்னே, உன்னையத்தான் உள்ள வைப்பாங்க.”

அழுவதற்கு நான் சிரமப்படவில்லை.

சொன்னேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ரிப்போட்டை மலாயில் தட்டிக்கொண்டே என் கையை ஒருமுறை பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை.

எங்களையும் ஏற்றிக்கொண்டு வேன் மார்க்கெட்டுக்குப் போனது. சித்தப்பா என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, “சாப்டியாடா?” என்றார். இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் திருப்பி விலங்கு மாட்டினார்கள். மீன் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். என் கால்சட்டை நனைந்துவிட்டது.

“அண்ணன் மகனயே வெட்டிட்டியேய்யா” என்றார் ஓர் இளவயதுப் போலீஸ்காரர்.

சித்தப்பா திமிறுவார், இல்லை என்று கத்துவார், உடனே என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. என் முழங்கையையே பார்த்தார்.

“நானா?” என்றார். பிறகு, “ரொம்ப வலிச்சுதாடா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காதுக்குள் யார் யாரோ பேசக் கேட்கும் மனிதர், செய்யாததையும் செய்ததாக நம்பிவிடுவார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் நான்கு மாதத்தில் தேறினார். அழைத்துவரப் போன அன்று அப்பா உண்மையைச் சொன்னார். அத்தை சொன்னார். நானும் சொன்னேன். குழந்தைகளின் கதையைக் கேட்பவர்போல மூவரையும் பார்த்துச் சிரித்தார்.

“பையன் இருக்குற வீடு. வேணாம்ணே.”

காம்பாரில் ஓர் அறை எடுத்துக் குடிவைத்தோம். வாடகை மாதம் நூற்றெண்பது வெள்ளி. பதினான்கு வருஷம் அப்பா கட்டினார். எனக்கு வேலை கிடைத்ததிலிருந்து நான் கட்டுகிறேன். இப்போது இருநூற்றைம்பது.