மேல் அடுக்கில் மெலிந்த சுருட்டுகள்

இருபது பேர் முன்னால் நிற்க வைத்து, "இலை திருடி" என்றான் காளிராஜ். ஜெயபாய்க்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தகரக் கூரை போட்ட ஒரு சுருட்டுக் கம்பெனிக்கு அவன் சூப்பர்வைசர். ஜெயபாய் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே சுருட்டு சுற்றுகிறவள். கணவர் போன பிறகு பன்னிரண்டு வருஷம் நூல் மில்லில் உழைத்தாள். மில் மூடியதும் இந்த வேலை. மகள் பியூலாவுக்கு வரன் பேசி முடிக்கிற வாரம் அது. தாய்க்குத் திருட்டுப் பட்டம் விழுந்தால் எந்த வீட்டார் படியேறுவார்கள்?

ஐப்பசி மழையில் சுற்றிய சுருட்டுகளை அடுக்கிப் பதப்படுத்தி, சித்திரையில்தான் விற்பனைக்கு இறக்குவார்கள். பித்தளைத் தகட்டின் ஓட்டையில் விட்டு அளவு பார்ப்பார்கள். சுருட்டு இறுக்கமாக நுழைய வேண்டும். அன்று முதலில் இறக்கிய கட்டிலிருந்த ஒவ்வொரு சுருட்டும் வழுக்கி விழுந்தது. யார் சுற்றியது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டுவது வழக்கம். இதில் சிவப்பு நூல். ஜெயபாயின் நூல்.

"உள்ள வைக்கிற இலைய எம்புட்டு வீட்டுக்குக் கொண்டு போன ஏட்டி? ஒத்துக்கிட்டு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. வேலையாவது மிஞ்சும்."

"ஏட்டின்னு கூப்பிட நான் உங்க தங்கச்சி இல்ல அண்ணாச்சி. கையெழுத்தும் கிடையாது."

"பின்ன, சுருட்டு தானா இளைச்சுச்சாக்கும்? அதுக்கென்ன, காய்ச்சலா?"

சிரித்தார்கள். கண்ணில் முட்டிய நீரை அவள் விழ விடவில்லை. அந்தச் சுருட்டுக் கட்டை எடுத்து நூலுக்குள் விரலை விட்டாள். தாராளமாகப் போனது.

"மெல்லிசாச் சுத்தியிருந்தா, நூலையும் அதுக்கேத்தாப்புல இறுக்கியிருப்பேன்ல? கட்டும்போது குண்டா இருந்துச்சு. பொறவு வத்திருச்சு."

"நல்லாத்தான் கதை சொல்லுத."

"இது எந்த அடுக்குல இருந்துச்சு?"

"மேல."

"தகரத்துக்கு அடியில! மில்லுல காத்து காஞ்சா நூல் எடை கொறையும். அதுக்குன்னே தண்ணியப் புகையா அடிப்பாவ. இலைக்கு மட்டும் வேற சட்டமா?"

முழங்காலிட்டு, தரையை ஒட்டிச் சாக்கு மூடிக் கிடந்த கீழ் அடுக்கைத் துழாவினாள். சிவப்பு நூல் கட்டு ஒன்று வந்தது. அதே ஐப்பசி. நூல் தசையில் பதிந்த மாதிரி இறுகியிருந்தது. ஒரு சுருட்டை உருவித் தகட்டின் ஓட்டையில் வைத்தாள். இதுவும் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

விழவில்லை. கட்டை விரலால் தள்ள வேண்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே.

"ஒரே கை, ஒரே மாசம். மேல உள்ளதுல மட்டுமா திருடுவேன்?"

கூடச் சுருட்டு சுற்றும் இசக்கியம்மாள் எழுந்து போய், மேல் அடுக்கிலிருந்து தன் பச்சை நூல் கட்டை இறக்கினாள். அவள் சுருட்டும் வழுக்கி விழுந்தது.

"அப்ப நானும் திருடிதான் அண்ணாச்சி. எனக்கும் ஒரு தாள் எழுதுங்க!"

இந்த முறை சிரிப்பு காளிராஜ் பக்கம் திரும்பியது. அவன் ஜெயபாய் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "தப்பா நெனச்சுட்டேன்மா. போய் உக்காருங்க."

"திட்டுனது தெருவுக்கே கேட்டுச்சு. இது எனக்கே கேக்கல."

"ஜெயபாய் திருடல," என்றான் தரையைப் பார்த்து.

"அவிய மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

நிமிர்ந்து, இருபது பேரையும் பார்த்துச் சொன்னான். அதன் பிறகுதான் ஜெயபாய் உட்கார்ந்தாள்.