தீப்பெட்டி அக்கா கப்பல் பார்த்த நாள்

எரிவாயு இறக்கும் துறைமுக வாசலில் உள்ளே போகிற எல்லோருடைய பையையும் துழாவுவதுதான் தீப்பெட்டி அக்காவுக்கு வேலை. துறைமுகம் வருவதற்கு முன் அதே இடத்தில் மீன்கூடையை இறக்கி வைத்து விலை பேசியவள்தான். "கடவுளே வந்தாலும் கையத் தூக்கச் சொல்லுவா" என்று ஊரே கேலி பேசும். உள்ளே ஒரு தீக்குச்சி போனாலும் ஊர் மிஞ்சாது என்று பயிற்சியில் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவள் அவள்.

புருஷனும் உள்ளேதான், கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை. சிகரெட் இல்லாமல் அந்த மனுஷனுக்குப் பொழுது விடியாது. வாசலில் மானம் போகக் கூடாதே என்று வீட்டிலேயே சட்டையை உதறிப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

துறைமுகம் கட்டி முடிந்து முதல் எரிவாயுக் கப்பல் வந்த அன்று, காவலில் நிற்பவர்களும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். வருஷக்கணக்காக மதில் சுவரையே பார்த்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மாடி, கப்பலா அது! அவள் தெருவையே தூக்கி மேலே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். வாயுவைக் குளிர வைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் கொண்டுவருகிறார்களாம். மண்டையைப் பிளக்கிற வெயிலில் குழாயெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான், இப்படியும் ஒன்றைக் கொண்டுவருமா? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டை எடுக்கப் பையில் கை விட்டாள்.

விரலில் தட்டுப்பட்டது தீப்பெட்டி. காலையில் புருஷன் சட்டையிலிருந்து பிடுங்கித் தன் பையில் போட்டு மறந்தது! ஊரையே சோதிக்கிறவளை யார் சோதிப்பார்கள்?

சொன்னால் வேலைக்கு ஆபத்து. சத்தமில்லாமல் திரும்பிப் போனால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் அந்த வெள்ளைக் குழாயை மறுபடி பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

"என்கிட்ட தீப்பெட்டி இருக்கு. யாரும் கிட்ட வராதீங்க!"

ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் வந்த புருஷன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரோடதுன்னு கேட்டாங்களா?"

"என்னோடதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா உலை கொதிக்குமா? அத விடு. அந்தப் பனியப் பாத்தியாய்யா?"

"கயிறு கட்டுற அவசரத்துல எதையும் பாக்கல."

"அடப்பாவி! நாளைக்காவது கண்ணத் தொறந்து பாத்துட்டு வந்து சொல்லு."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவன், சட்டையை உதறிப் பார்க்க அவள் கூப்பிடும் முன்பே எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கினான்.