பருப்புக் கடைந்த கை

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரிசை வீடுகளான லயத்தில் என் மூத்த மகன் பிறந்தான். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு விடியும் முன்பே தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் லயத்துக் கைப்பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அழும். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பாடு திண்டாட்டம்தான். என் பிள்ளை மட்டும் அசையமாட்டான். தூங்குகிறவனை அப்படியே தூக்கிப்போய், குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கிடத்திவிட்டு மலை ஏறுவேன்.

"நீ குடுத்து வச்சவ. என்னா தங்கமான புள்ள!" என்பாள் பக்கத்துக் காம்பராக்காரி. எனக்குத் தலைகால் புரியாது.

மாலையில் அவனை மடியில் வைத்துப் பருப்புக் கடைவேன். அவன் உள்ளங்கையில் என் முழங்கை சுற்றும். பிறகு அப்பாவுக்குக் கொஞ்சம், மாமாவுக்குக் கொஞ்சம் என்று பாடிக்கொண்டே விரல் விரலாக மடக்குவேன். கடைசியில் என் விரல்கள் நண்டாகிக் கைவழியே கக்கத்துக்கு ஊர்ந்து போகும். நண்டு பாதி வழி போகும் முன்பே சிரித்துவிடுவான். பாட்டு முழுக்க அவனுக்கு மனப்பாடம் என்று லயமெல்லாம் பீற்றிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

ஒரு வயது தாண்டியது. ஒருநாள் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கைக்குத்தானே வேலை, வாய் சும்மா இருக்கிறதே என்று அதே பாட்டைப் பாடினேன். அவன் திரும்பவில்லை. உரக்கப் பாடினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். அவன் தன்போக்கில் கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தான். மாவுக் கையோடு போய்த் தோளைத் தொட்டேன். உடனே திரும்பிக் கையை நீட்டினான். மறுநாள் பெரட்டுக்குப் போகாமல் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அவனுக்குப் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்தார். ஒரு தட்டைத் தரையில் போட்டார்.

"பிறந்ததிலயிருந்தே காது கேக்கேல்லைப் போல, அம்மா."

"இல்லீங்க ஐயா, பாட்டு பாடுனா சிரிக்கிறானுங்களே!"

"அது பாட்டுக்கில்லை. பிள்ளை உங்கட விரலுக்குத்தான் சிரிக்குது."

மருந்து ஒன்றும் இல்லை என்றார். தப்புக்கு எழாத பிள்ளையை வரம் என்று கொண்டாடிய என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். அத்தனை பிள்ளைகள் அழும்போது இது மட்டும் ஏன் அழவில்லை என்று ஒருநாளாவது யோசித்தேனா? பெரட்டுக்கு நேரமாகிறது என்று ஓடினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். வாய் திறக்காமல் கடைந்தேன், விரல்களை மடக்கினேன், நண்டை ஊரவிட்டேன். ஒரு சொல்கூடப் பாடவில்லை. அவனுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எப்போதும் போலவே சிரித்தான்.