ஹமீது நானாவும் ஆறு இலக்கக் கோடும்

இன்று வீட்டில் இருந்து வேலை செய்த ஹமீது நானா, கிண்ணியாவில் இருந்து மனைவியின் போனில், ஒபிஸில் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒபிஸ் கொம்பியூட்டருக்குள்ள போக ஏலாம கிடக்கு. பாஸ்வேர்ட் சரி. பிறகு கோட் கேக்குது."

கோட் வந்துதான் இருந்தது, அவர் நேற்று ஒபிஸ் மேசையில் மறந்துவிட்டுப் போன போனுக்கு. நான்கு மணிக்குள் அவர் சரக்குப் பட்டியலை அனுப்பாவிட்டால் கப்பலில் இருந்து எதையும் இறக்க முடியாது.

"நானா, கோட் இஞ்ச தெரியுது. வாசிக்கட்டா?"

"வேணாம்! ஒருத்தருக்கும் காட்டப்படாது எண்டு நீங்கதானே வகுப்பெடுத்தீங்க? போனைக் கவிட்டு வைங்க."

மூன்றரைக்கு மோட்டார் சைக்கிளில் மூச்சு வாங்க ஒபிஸுக்கு வந்து சேர்ந்து, தன் கதிரையில் இருந்தே பட்டியலை அனுப்பினார்.

கோபிக்கவும் முடியவில்லை. அந்த வகுப்பில் நித்திரை கொள்ளாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் ஒபிஸில் அப்படி எத்தனை பேர்?