நோட்டட் வித் தேங்க்ஸ்

போன புதன்கிழமை காலை என் மேஜைக்கு டீ வரவில்லை. நான்காக மடித்த ஒரு காகிதம் வந்தது.

கொண்டு வந்தவர் சரோ அக்கா. நான் பாடம் நடத்தும் கல்லூரியின் பென்ட்ரியில் ஒன்பது வருடமாக எங்களுக்கெல்லாம் டீயும் காப்பியும் கலக்கித் தருபவர். கல்லூரியின் பெயர் வேண்டாம் – பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம், தனியார் கல்லூரி, என் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. இவ்வளவு போதும்.

"சார், நீங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறவங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் ஊழியர்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் அச்சுப்பிரதி. நடுவில் யாரோ நான்கு வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள்... ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே வாசகம். நோட்டட் வித் தேங்க்ஸ். நோட்டட் வித் தேங்க்ஸ். நோட்டட் வித் தேங்க்ஸ். மூன்று பக்கத்துக்கு அதேதான்.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் புல்லட்டின் என்று ஒன்று மின்னஞ்சலில் வரும். கார் பார்க்கிங் ஸ்டிக்கர் புதுப்பிப்பது, லிஃப்ட் பழுது, தீயணைப்பு ஒத்திகை, இந்த மாதம் பிறந்த நாள் கொண்டாடுபவர்கள், யாரோ ஒருவருடைய மாமனார் காலமான செய்தி, அதற்கு அடுத்த வரியிலேயே பூப்பந்துப் போட்டிக்கு ஆள் தேவை. எல்லாம் ஒரே கலவையாக இருக்கும்.

இதை யார் படிக்கிறார்கள்? யாரும் படிப்பதில்லை. ஆனால் எல்லோரும் பதில் போடுவோம். முன்பொரு நிர்வாகி, பதில் போடாதவர்களின் பெயர்களைக் கூட்டத்தில் வாசித்தார். அன்று பிடித்த பயம். அவர் எப்போதோ போய்விட்டார், பயம் மட்டும் வேலையில் தொடர்கிறது. மின்னஞ்சல் வந்த மறுநிமிடம் நோட்டட் வித் தேங்க்ஸ். என் கைப்பேசியில் 'நோ' என்று தட்டினால் போதும், மீதியை அதுவே எழுதிக்கொள்ளும்.

இதில் நான் சாம்பியன். ஒன்பது மணிக்கு வந்தால் ஒன்பது ஒன்றுக்கு என் பதில் இருக்கும். கொமுட்டர் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போட்டுவிடுவேன். சுறுசுறுப்பான ஆள் என்று பெயர் வேறு.

சரி, அந்த மஞ்சள் மை பூசிய நான்கு வரியில் என்ன இருந்தது?

லிஃப்ட் பழுதுக்கும் பார்க்கிங் ஸ்டிக்கருக்கும் நடுவில், ஏழாவது விஷயமாக இருந்தது. பென்ட்ரி சேவை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது. அந்த இடத்தில் பானம் தரும் இயந்திரம் வைக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும். கருத்து எதுவும் சொல்லாத பதில்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

பென்ட்ரி சேவை என்றால் யார்? எதிரே நிற்கிறாரே, அவர்தான். அவர் ஒருவர்தான்.

முந்தின நாள் எச்.ஆர். ஷீலா அவரைக் கூப்பிட்டு இந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். எல்லோரையும் கேட்டுவிட்டோம், ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை, நன்றி என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கியிருக்கிறார். அக்கா சண்டை போடவில்லை. அந்தக் காகிதத்தின் பிரதி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயில் ஏறியிருக்கிறார்.

"பேரெல்லாம் படிச்சிட்டேன் சார். எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான். பக்கத்துல எழுதியிருக்கிறதுதான் புரியல. நோட்டட் வித் தேங்க்ஸ்னா என்ன?"

"அது வந்து... பார்த்துட்டேன், நன்றின்னு அர்த்தம், அக்கா."

"அப்ப நீங்க பார்த்தீங்களா?"

நான் என்ன சொல்வது? பார்த்தேன் என்றால் இவரை அனுப்பச் சம்மதித்த துரோகி. பார்க்கவில்லை என்றால் பார்த்ததாக எழுதிய பொய்யன். இரண்டில் எது பரவாயில்லை?

"பார்க்கலக்கா" என்றேன்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கும் மாணவி மாதிரிதான் கேட்டார்.

"அப்ப நன்றி எதுக்கு சார்?"

இருபது வருடமாக பிசினஸ் கம்யூனிகேஷன் நடத்துகிறேன். முதல் வகுப்பின் முதல் ஸ்லைடே 'படித்து முடிக்காமல் பதில் எழுதாதே' என்பதுதான்.

பிறகுதான் மற்றதைச் சொன்னார். அக்கா வேலை பார்ப்பது எங்கள் கல்லூரிக்கு இல்லை, ஒரு கான்ட்ராக்டருக்கு. இங்கே வேலை போனால் நீலாயில் ஒரு தொழிற்சாலையைத் துப்புரவு செய்யப் போ, இல்லாவிட்டால் நின்றுகொள் என்று அந்தக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். நீலாய் போனால் வீடு திரும்ப இரவு ஆகும். வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் மாலையில் டயாலிசிஸ். கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேறு ஆள் கிடையாது. காலை ஏழுக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பும் இந்த ஒரு வேலைதான் அதற்குத் தோதாக இருக்கிறது.

டயாலிசிஸ் விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை.

ஆனால் அவருக்கு என்னைத் தெரியும். இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று நான் ஒரே ஒரு முறை சொன்னேன். அன்றிலிருந்து எனக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான். ஆசையாக இருக்கிறது, அரை ஸ்பூன் போடுங்கள் என்று கெஞ்சினாலும் நடக்காது. அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். யாருக்கு எவ்வளவு சீனி, யாருக்கு மைலோ, யார் நோன்பு, யார் செவ்வாய்க்கிழமை விரதம்... ஒன்றையும் எழுதி வைத்தது கிடையாது. நாங்கள் அவரைப் பற்றிய நான்கு வரியைப் படிக்கவில்லை.

நேராக ஷீலாவிடம் போனேன்.

"சார், போன வெள்ளிக்கிழமையோட டெட்லைன் முடிஞ்சிடுச்சு. அதோட உங்க பேருதான் முதல்ல இருக்கு" என்றார்.

"நான் படிக்கவே இல்லம்மா."

"அதை நான் எப்படி சார் மீட்டிங்ல சொல்றது? லெக்சரர்ஸ் யாரும் மெயில் படிக்கிறதில்லைன்னா?"

நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு வழி சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை காலை நிர்வாகக் கூட்டம். அதற்குள் பாதிப் பேராவது பென்ட்ரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மேலே வைத்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று யோசித்தேன். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் ஒரு மனு எழுதினேன். நிர்வாகத்துக்கும் புரியட்டும், அக்காவும் படிக்கட்டும் என்று மலாயில் எழுதினேன். பென்ட்ரியைக் கவனித்துவரும் திருமதி சரோஜாவின் சேவை எங்களுக்குத் தேவை, படிக்காமல் பதில் எழுதியது எங்கள் தவறு, முடிவை மாற்றுங்கள். ஒரே பக்கம்தான். அச்செடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகக் கிளம்பினேன்.

போன இடமெல்லாம் அதிர்ச்சி.

"சரோ அக்காவா? எப்போ? யாரும் சொல்லவே இல்லையே லா."

சொன்னார்களே. போன வாரம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு. நீங்களும் நன்றி சொன்னீர்களே. மூன்று பக்கத்துப் பட்டியலைக் கையோடு வைத்திருந்தேன். காட்டியவுடன் ஒவ்வொரு முகமும் வெளுத்தது. ஒரு மலாய்க்கார ஆசிரியை கண் கலங்கிவிட்டார். பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது, மூன்று மாதம் தினமும் அவருக்கு இஞ்சித் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தது அக்காதான்.

கேட்டவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரு சங்கடம். பாதிப் பேர் தாளைப் படிக்காமலே போட்டார்கள். கணினித் துறைத் தலைவர் போனில் பேசிக்கொண்டே போட்டுவிட்டு, "பொட்லக் எந்த நாள் பாஸ்?" என்றார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்குப் பெயர் வாங்குகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தத் தாளில் அவர் வீட்டையே என் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்... கையெழுத்து கையெழுத்துதானே?

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நாற்பத்தெட்டுக் கையெழுத்தோடு பென்ட்ரிக்குப் போனேன். பெருமையாகத்தான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். அக்கா கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியில நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. நல்லா இருக்கும்."

கையைத் துடைத்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியில் விரலை வைத்தார். மெதுவாக, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனார். எங்கள் கல்லூரியில் ஒரு தாளை முழுதாகப் படிக்கும் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"சார், இதுல சரோஜான்னு போட்டிருக்கே. அது யாரு?"

"நீங்கதானேக்கா."

"எம் பேரு மல்லிகா, சார்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அடையாள அட்டையை, அதாவது ஐ.சி.யை, எடுத்து மேஜைமேல் வைத்தார். மல்லிகாதான். தெளிவாக இருந்தது.

"எனக்கு முன்னாடி இருந்தாங்களே, அவங்க பேருதான் சரோஜா. நான் வந்த முதல் நாளே நீங்க சரோ அக்கான்னு கூப்பிட்டீங்க. இல்ல சார், எம் பேரு மல்லிகான்னு சொன்னேன். ஓகே, தேங்க்ஸ்க்கான்னீங்க. மறுநாளும் சரோ அக்கா தான். அப்புறம் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. சரி, கூப்பிட்டா திரும்பினா போதும்னு விட்டுட்டேன்."



ஓகே, தேங்க்ஸ்க்கா. அப்படியென்றால் இது மின்னஞ்சலில் தொடங்கிய வியாதி இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பே, ஒரு பெண் முகத்துக்கு நேரே நின்று தன் பெயரைச் சொன்னபோதே, நான் கேட்காமல் நன்றி சொல்லியிருக்கிறேன். அறுபது பேருக்கு அந்தத் தவறான பெயரைப் பழக்கியவனும் நான்தான். நாற்பத்தெட்டுப் பேர் சரோஜாவைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் எங்கள் கல்லூரியிலேயே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று நினைவில்லை.

"விடுங்க லா சார்" என்று சொல்லிவிட்டு அக்கா என் பேனாவை வாங்கினார். சரோஜா என்ற இடத்தை ஒரே கோடாக அடித்து, மேலே தன் பெயரை எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார். கடைசியில் கையெழுத்து. நாற்பத்தொன்பது.

வேறு தாளில் மறுபடி ஆரம்பிக்க நேரமில்லை. அப்படியே ஷீலாவிடம் கொடுத்துவிட்டு, "பேரை அக்கா திருத்தியிருக்காங்க, பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. ஒன்றும் தெரியவில்லை. சனி, ஞாயிறு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிள்ளானில் அந்த வீட்டில் எப்படி இறங்கியிருக்கும்?

இந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு புல்லட்டின் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, கொமுட்டரில் நின்றபடியே வரி விடாமல் படித்தேன். பூப்பந்து, பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி சுத்தம்... ஐந்தாவதாக இருந்தது. ஊழியர்களின் கோரிக்கையை ஏற்று, திருமதி சரோஜாவின் பென்ட்ரி சேவை மேலும் ஆறு மாதத்துக்குத் தொடரும்.

சந்தோஷத்தில் அடுத்தடுத்து மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் பெயர் கண்ணில் பட்டது.

அச்சடித்ததைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறார்கள். மேலே பேனாவால் எழுதியதை யார் பார்ப்பது? அதற்குள் கீழே பதில்கள் குவிய ஆரம்பித்திருந்தன. என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே ஷீலாவுக்கு எழுதினேன். 'பெயர் தவறு. அவர் மல்லிகா. தயவுசெய்து திருத்தி மறுபடி அனுப்புங்கள்.' ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. நோட்டட் வித் தேங்க்ஸ்.

கல்லூரிக்குள் நுழைந்ததும் நேராக பென்ட்ரிக்குப் போனேன். புல்லட்டினின் அச்சுப்பிரதி சுவரில் ஒட்டியிருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன்முன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டீயை எடுத்து வைத்தார். பால் இல்லை, சீனி இல்லை.

"சந்தோஷம்தானேக்கா?" என்றேன், அசட்டுத்தனமாக.

"சரோஜாவுக்கு ஆறு மாசம் வேலை கெடச்சிருக்கு சார்" என்றார் மல்லிகா அக்கா. "எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் தெரியல."